கட்ஆஃபில் சேராத மதிப்பெண்கள் என்ன செய்கின்றன?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: "இந்த மார்க்கைக் காலேஜ் சேரும்போது பார்ப்பாங்களா?" அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வழக்கம் உள்ளவன் என்பதால், இந்தக் கேள்விக்குப் "பார்க்க மாட்டார்கள்" என்று மட்டும் சொல்லிப் பலரை அனுப்பியிருக்கிறேன். விதிகளின்படி அந்தப் பதில் பெரும்பாலும் சரிதான், ஆனால் அது பாதி உண்மை என்பது நாளடைவில்தான் எனக்குப் புரிந்தது. முந்தைய வகுப்புகளின் மதிப்பெண்கள் கல்லூரிச் சேர்க்கையின் கூட்டல் கணக்கில் அநேகமாக இடம்பெறுவதில்லை. அந்தக் கணக்கிற்குள் ஒரு மாணவர் நுழைய முடியுமா என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவை இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நீக்கப்பட்ட பிறகு, பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையை வகுக்கிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலில் பாதியாக 50, வேதியியலில் பாதியாக 50 என்று 200க்குக் கட்ஆஃப் கணக்கிடப்படுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், தேவனாம்பட்டினம் பெரியார் அரசுக் கல்லூரி உட்பட, மொழிப்பாடங்களை விடுத்து நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டு பட்டியல் இடுகிறார்கள். தமிழ் இலக்கியத்திற்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண்ணும் அடிப்படையாகின்றன. புதுச்சேரியில் அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நடக்கும் பொறியியல் சேர்க்கையிலும், மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 2022 முதல் இளநிலைச் சேர்க்கைக்குக் க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வை ஏற்றுக்கொண்டது. தன் நுழைவுத் தேர்வைத் தானே நடத்திவந்த புதுச்சேரியின் மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மர் 2020 முதல் நீட் தேர்வுக்குள் வந்துவிட்டது. இவற்றில் எங்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கூட்டப்படுவதில்லை, பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் கூட்டப்படுவதில்லை. நீட், ஜே.இ.இ. போன்ற வழிகளில் பிளஸ் டூ மதிப்பெண்கூடத் தகுதி எல்லையாக மட்டுமே நிற்கிறது. மருத்துவத்திற்குப் பொதுப்பிரிவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து 50 விழுக்காடு இருந்தால் போதும். காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி.யில் சேரப் பொதுப்பிரிவினர் பிளஸ் டூவில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், தன் மதிப்பெண்ணால் இனி எந்தப் பயனும் பாதிப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடும். அந்த எண்ணம் ஜூன் மாதம் பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் பள்ளி வாசலில் போய் நிற்கும்வரைதான் நீடிக்கும். அங்கே தலைமையாசிரியர் மேசையில் இருக்கும் பட்டியல் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணின்படிதான் எழுதப்பட்டிருக்கும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த முதல் குரூப்பில் ஒரு வகுப்புக்கு இத்தனை பேர் என்று இடம் குறைவாக இருக்க, கேட்பவர்கள் அதிகமாக இருக்கும்போது, 500க்கு எத்தனை என்ற எண்ணைத் தவிர வேறு அளவுகோல் பள்ளிகளிடம் இல்லை. ஒரு பள்ளியில் 400க்கு மேல் கேட்பார்கள், அடுத்த தெருவில் உள்ள பள்ளியில் 350க்கே கொடுப்பார்கள், இன்னொன்றில் மொத்தத்தைப் பார்க்காமல் கணிதம், அறிவியல் இரண்டை மட்டும் பார்ப்பார்கள். எல்லை பள்ளிக்குப் பள்ளி மாறுவதால், ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு வாழ்க்கைகளுக்குள் போய்விடுகிறார்கள்.

வாழ்க்கை என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். குரூப் என்பது இரண்டாண்டுப் பாடத் தேர்வு மட்டுமாக இருந்தால் நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். உயிரியல் எடுக்காதவருக்கு நீட் வழியிலான மருத்துவமும் சித்த மருத்துவமும் செவிலியர் பட்டப்படிப்பும் இல்லை. கணிதம் எடுக்காத தூய அறிவியல் குரூப்பினருக்கு வழக்கமான பொறியியல் கலந்தாய்வில் இடமில்லை. வணிகவியல் குரூப்பில் சேர்ந்தவர் பி.காம்., பட்டயக் கணக்காளர், சட்டம், கலைப் படிப்புகள் என்ற பக்கம் செல்லலாம், ஆனால் அறிவியல் பக்கம் திரும்ப முடியாது. தொழிற்கல்விப் பிரிவினர் பொறியியல் சேர விரும்பினால் தனித் தரவரிசையில் நிற்க வேண்டும். ஆக, பிளஸ் டூவில் 600க்கு 560 வாங்கிய ஒரு பெண் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போவதற்குக் காரணம், இரண்டாண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு அறிவியலில் வாங்கிய 58 மதிப்பெண்ணாக இருக்கலாம். எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் அந்த 58 தென்படாது.

கிராமப்புறத்தில் இது இன்னும் இறுகுகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் சுற்றுப்பகுதியில் மேல்நிலைப் பள்ளிகள் பல உள்ளன, ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் இருப்பதில்லை. விரும்பிய குரூப் உள்ளூர்ப் பள்ளியில் இல்லையென்றால் நகரப் பள்ளிக்குப் போக வேண்டும். நகரப் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு போட்டியிட்டு இடம் வாங்க அதிக மதிப்பெண் வேண்டும், காலை பஸ்ஸும் மாலை பஸ்ஸும் சரியான நேரத்தில் ஓட வேண்டும், வீட்டில் பெண்பிள்ளையை அனுப்பச் சம்மதிக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவருக்கு இவ்வளவு தூரம் பேசவே இடமிருப்பதில்லை. "கிடைச்ச குரூப்ல சேர்த்துட்டோம்" என்று பெற்றோர் சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை படிப்புகள் மூடப்பட்டன என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டு முகாம்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்தவர்களுக்காகவே நடக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குத்தான் அவை முதலில் தேவை என்பது என் உறுதியான கருத்து.

விதிப்படியே பத்தாம் வகுப்பு மதிப்பெண் வெளிப்படையாகத் தலைகாட்டும் இடமும் ஒன்று உண்டு. பொறியியல் தரவரிசையில் இருவர் ஒரே கட்ஆஃப் பெற்றிருந்தால் யாரை முன்னே வைப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கணிதம் 92, இயற்பியல் 90, வேதியியல் 88 பெற்றவரின் கட்ஆஃப் 181. கணிதம் 90, இயற்பியல் 92, வேதியியல் 90 பெற்றவருக்கும் அதே 181. இவர்களில் கணிதம் கூடுதலாக உள்ள முதலாமவர் முன்னே போவார். கணிதமும் சமமானால் இயற்பியல், அதுவும் சமமானால் விருப்பப் பாடம் என்று பார்ப்பார்கள். கட்ஆஃபும் கணிதமும் இயற்பியலும் ஒன்றானால் வேதியியல் தானாகவே ஒன்றாகிவிடும் என்பதால் அதைத் தனியே கேட்பதில்லை. அதன் பிறகு பிளஸ் டூ மொத்த மதிப்பெண், அதற்கும் பிறகு பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண். அதுவும் சமமானால் வயதில் மூத்தவர் முன்னே வருவார், கடைசியாகக் கணினி ஒதுக்கிய ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இந்த வரிசையில் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதைக் கவனித்தால், இதற்காக மட்டும் பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஐந்து மதிப்பெண் வேண்டும் என்று பிள்ளையை வருத்துவது பொருளற்றது என்பது விளங்கும்.

ஆனால் 2021ஆம் ஆண்டு இந்தப் பேச்சையெல்லாம் புரட்டிப் போட்டது. கொரோனா இரண்டாம் அலையில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தான பிறகு, மதிப்பெண் எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கணக்கை வகுத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடு, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி, காரைக்கால் பள்ளி மாணவர்களுக்கும் இதே கணக்குதான்.

இதை ஒரு மாணவரின் எண்களில் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதம் 97, அறிவியல் 94, தமிழ் 92 அவருடைய சிறந்த மூன்று பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 94.33, அதில் பாதி 47.17. பிளஸ் ஒன் இயற்பியலில் 70க்கு 49 எழுதியிருந்தால் அது 70 விழுக்காடு, 20க்கு 14 ஆகும். செய்முறையும் அக மதிப்பீடும் முழுமையாக 30. ஆக இயற்பியலில் 91.17. இப்போது பத்தாம் வகுப்புச் சராசரி 80 மட்டுமே என்று மாற்றினால், மற்றவை அப்படியே இருக்க, இயற்பியல் மதிப்பெண் 84 ஆகிவிடும். ஒரு பாடத்தில் ஏறத்தாழ ஏழு மதிப்பெண் குறைகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் அதே 50 விழுக்காடு பொதுவாகச் சேர்வதால், கட்ஆஃபில் அது 14 மதிப்பெண்ணுக்கு மேல் குறைவாக வந்து நிற்கும். அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 92 தமிழ்ப் பாடத்தின் மதிப்பெண், ஆனாலும் அது இயற்பியல் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிட்டது. பதினைந்து வயதில் கட்டுரையும் இலக்கணமும் நன்றாக எழுதிய பிள்ளை, அந்த எழுத்தால் இரண்டாண்டு கழித்துப் பொறியியல் கட்ஆஃபில் உயர்ந்தது.

பிளஸ் ஒன் பங்கான 20 விழுக்காட்டின் கதை இன்னும் உறுத்துவது. 2017இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டபோது, பிளஸ் ஒன்னில் 600, பிளஸ் டூவில் 600 என்று இரண்டும் சேர்ந்து உயர்கல்விக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்றுதான் திட்டம் இருந்தது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திவந்ததைத் தடுப்பது அதன் நோக்கம். மாணவர்கள் மீதான சுமை குறித்த குரல்கள் எழுந்ததும், 2018இல் அந்தத் திட்டம் திருத்தப்பட்டு, பிளஸ் ஒன் மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று அரசு அறிவித்தது. 2021இல் பிளஸ் டூ முடித்தவர்கள் 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எழுதியவர்கள். அதாவது அந்த அறிவிப்பை நம்பி, "தேர்ச்சி பெற்றால் போதும்" என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டு எழுதியவர்கள். கணக்கில் வராது என்று சொல்லப்பட்ட மதிப்பெண், எழுதி முடித்து ஓராண்டு கழிந்த பிறகு கணக்கில் வந்தது. வேறு வழியில்லாத பேரிடர் காலத்தில் எடுத்த முடிவு அது. மதிப்பெண்ணில் நிறைவில்லாதவர்களுக்குப் பின்னர் எழுத்துத் தேர்வு எழுதும் வாய்ப்பும் தரப்பட்டது. அரசைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு என்னிடம் விண்ணப்பம் நிரப்ப வந்த பிள்ளைகளின் முகங்களை நினைத்துப் பார்க்கும்போது, "அது கணக்கில் வராது" என்ற வாக்கியத்தை இனி அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கும் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு 30, பதினோராம் வகுப்பு 30, பன்னிரண்டாம் வகுப்பு 40 என்றே கணக்கிட்டார்கள்.

அந்தத் தொற்றின் தடம் அடுத்த ஆண்டுகளின் கல்லூரிச் சேர்க்கையிலும் தொடர்ந்தது. 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் தரப்பட்டது. 2021இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. முன்பு சொன்ன சமநிலை விதிக்கு அவர்களிடம் காட்ட எண் இல்லாமல் போனது.

இப்போது பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26ஆம் கல்வியாண்டு முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் மூச்சுமுட்டல் குறைந்தது என்ற அளவில் மகிழ்ச்சியே. எனினும் பதினோராம் வகுப்புப் பாடம் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திற்கு இணையாகக் கேட்கப்படுகிறது. பொறியியல் முதலாண்டுக் கணிதமும் அதன்மேல்தான் எழுப்பப்படுகிறது. மதிப்பெண் எங்கும் சேராது என்பதால் அந்த ஆண்டை மேலோட்டமாகக் கடந்த மாணவர், பதினோராம் வகுப்பின் வெக்டரும் விசையும் தெரியாமல் நுழைவுத் தேர்வு அறையில் உட்காரும்போது அந்த ஆண்டின் விலையைக் கொடுக்கிறார்.

புதுச்சேரியில் நிலைமை வேறு விதமாக மாறியிருக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறி, 2025இல் முதல் முறையாக அந்த வாரியத்தின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதின. தனியார் பள்ளிகள் பல இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு வாரியப் பிள்ளைகள். சி.பி.எஸ்.இ. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு தேர்வுகளை வகுத்திருக்கிறது. முதல் தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும், இரண்டாவதில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். பிளஸ் ஒன் குரூப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணால் முடிவாகும் ஊரில், இது சிறிய சலுகை அன்று. கணிதத்தில் ஒரு நாள் தடுமாறிய பிள்ளைக்கு இரண்டாவது முறை தட்டிப் பார்க்கக் கதவு ஒன்று கிடைத்திருக்கிறது. அதே மதிப்பெண் பெற்ற கடலூர் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்குத் தேறிய பாடத்தை மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ளும் அந்த வாய்ப்பு இல்லை.

முந்தைய பள்ளி ஆண்டுகளில் வாங்கிய மதிப்பெண்ணைவிட, அந்த ஆண்டுகளை எந்தப் பள்ளியில் கழித்தோம் என்பதே எண்ணப்படும் இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்தில் தொடங்கி, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. புதுச்சேரியும் 2023இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. முள்ளோடை, கன்னியக்கோவில் பக்கம் எல்லையோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது கவனமாகப் பார்க்க வேண்டிய செய்தி. பஸ் வசதிக்காகவும் சொந்தக்காரர் வீட்டுக்காகவும் எட்டாம் வகுப்பில் எல்லை தாண்டிப் பள்ளி மாற்றுவது இங்கே சாதாரணம். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ச்சி அறுந்தால் 7.5 விழுக்காட்டு வாய்ப்பு போய்விடும். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றைத் தனியே காட்ட வேண்டியும் வரும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கு இதை நினைப்பவர்கள் மிகச் சிலர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையாகும் வழி பாலிடெக்னிக். லாஸ்பேட்டையில் உள்ள மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் போன்ற கல்லூரிகளில் முதலாண்டு சேர்வதற்கு அதுதான் அடிப்படை. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர், நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை வழியாகப் பொறியியல் பட்டப்படிப்பில் நுழையும்போது டிப்ளமோ மதிப்பெண்ணே பார்க்கப்படுகிறது. பத்தாம் வகுப்பில் சுமாராக எழுதி, விரும்பிய குரூப் கிடைக்காத ஒருவருக்கு, பொறியியல் பட்டத்திற்குச் செல்ல இது உண்மையான மாற்று வழி. இந்த வழியைத் தோற்றவர்களின் வழியாகப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பது வருத்தம் தருகிறது. பணிமனையில் மூன்றாண்டு பழகியவர், இயந்திரவியல் இரண்டாமாண்டில் மற்றவரைவிடத் தெளிவாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாணவரின் முந்தைய ஆண்டு மதிப்பெண்ணை மறைவாக அன்றி வெளிப்படையாகவே எண்ணும் முறைக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய பகுதியில் 1826 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு லிசே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதுவது பிரான்சின் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியா. அண்மைச் சீர்திருத்தத்திற்குப் பிறகு, அதன் இறுதி மதிப்பெண்ணில் 40 விழுக்காடு கடைசி இரண்டு ஆண்டுகளின் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தும், 60 விழுக்காடு பொதுத்தேர்விலிருந்தும் வருகிறது. பிரெஞ்சு மொழிப் பொதுத்தேர்வே இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் முடிந்துவிடும். பார்க்கூர்சூப் என்ற இணையவழிச் சேர்க்கையில் பிரான்சின் கல்லூரிகள் அந்த இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டைகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் பார்த்து, பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இடம் தரத் தொடங்குகின்றன. இங்கிலாந்திலும் பதினாறு வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் ஆசிரியர் கணிப்பும் சேர்ந்தே முதலில் இடம் கிடைக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நான்கு ஆண்டுப் பட்டியலைக் கேட்கின்றன.

அந்த முறையில் ஒரு நேர்மை உண்டு. எது எண்ணப்படும் என்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரியும், ஒரு நாள் காய்ச்சலால் இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகாது. அதே நேரம், வகுப்பு மதிப்பெண் போடும் ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒரே கையால் போடுவார் என்று நம்ப முடியாத சூழலில், பொதுத்தேர்வு ஒன்றை மட்டும் நம்பும் நம் முறைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. யார் மகன், யார் மகள் என்று தெரியாத விடைத்தாள் அது. குறை, நம் முறை முந்தைய மதிப்பெண்ணை எண்ணாமல் விடுவதில் இல்லை. எண்ணுவதில்லை என்று சொல்லிவிட்டு, குரூப் பிரிக்கும் இடத்தில் அதை முழுதாக எண்ணிவிடுவதில்தான் இருக்கிறது.

ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, எந்தப் பள்ளியில் எந்தெந்தக் குரூப் இருக்கிறது, எத்தனை மதிப்பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள், முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் எந்தப் பள்ளிக்கு அன்றைக்கே போவீர்கள் என்பதுதான். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் குரூப் எல்லையில் நிற்பவருக்கு இரண்டு மதிப்பெண்கூடப் பெரியது. பிளஸ் ஒன் தொடங்கிய முதல் சில வாரங்களில் இடம் காலியானால் குரூப் மாற்றித் தரும் பள்ளிகள் உண்டு, அதனால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். சென்ற ஜூனில் கணினி அறிவியல் குரூப்பில் சேர்ந்துவிட்டு, செவிலியராக வேண்டும் என்று சொன்ன ஒரு பெண்ணின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதுல உயிரியல் இல்லைன்னு யாரும் சொல்லலீங்களே" என்றார். மூன்றாம் வாரம் ஓர் இடம் காலியாகி, அந்தப் பெண் உயிரியல் வகுப்புக்கு மாறினாள்.